1381 கிளர்ச்சியும் சாசரின் மௌனமும்: ஒரு விவாதம்

உழவன்மகன்:

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் என்றாலே "ஆங்கிலக் கவிதையின் தந்தை" என்று ஆரம்பித்துவிடுகிறோம். யாத்திரை போகிறவர்கள் வழியில் ஆளுக்கொரு கதை சொல்வதாக அவர் எழுதிய கான்டர்பரி கதைகளை முழுக்கப் படித்து முடித்த பிறகு எனக்கு அந்தப் பட்டத்தில் மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

1348-49 கொள்ளைநோயில் இங்கிலாந்தில் ஏராளமான மக்கள் செத்துப்போனார்கள். ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. ஏறவிடக் கூடாது என்று 1351-ல் சட்டம் போட்டார்கள். நோய்க்கு முன்பு என்ன கூலியோ அதற்கு மேல் கேட்டால் தண்டனை. அப்புறம் பிரான்சுடன் நடந்த போருக்காக நான்கே வருடங்களில் மூன்று தலைவரி. மூன்றாவது வரி தலைக்கு ஒரு ஷில்லிங், ஒரு கூலியாளின் சில நாள் சம்பளம். 1381 ஜூனில் லண்டனுக்குப் பக்கத்து எசெக்ஸ், கென்ட் மாவட்டங்களின் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜான் பால் என்ற பாதிரி, ஆதாம் மண் வெட்டி ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பெரிய மனிதன் என்று எவன் இருந்தான் என்று கேட்டு மக்களிடம் பேசினார். ராஜாவின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட் பிரபுவின் சவாய் மாளிகை எரிந்தது. கான்டர்பரி பேராயரின் தலை வெட்டப்பட்டது. 14 வயது ராஜா, பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக எழுதிக் கொடுத்தார், சில நாளில் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜூலையில் ஜான் பாலைக் கொன்றார்கள்.

அன்று சாசர் எங்கே குடியிருந்தார்? லண்டன் மதிலில், ஆல்ட்கேட் வாசலுக்கு மேலே உள்ள வீட்டில். எசெக்ஸ் கூட்டம் நகருக்குள் வந்தது அந்த வாசல் வழியாகத்தான். ஒரு கவிஞனின் காலடியில் அவன் நாட்டின் மிகப் பெரிய எழுச்சி நடந்து போயிருக்கிறது. அதைப் பற்றி அவர் பெயர் சொல்லி எழுதியது கான்டர்பரி கதைகளில் ஒரு சேவல் கதையில் வரும் சில வரிகள். சேவலைக் கவ்விய நரியைத் துரத்துகிறவர்கள் போட்ட கூச்சல் எப்படி இருந்ததாம்? கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவனான ஜாக் ஸ்ட்ராவும் அவன் ஆட்களும் பிளெமிஷ்காரர்களைக் கொல்லப் போனபோது போட்ட கூச்சல் இதில் பாதிகூட இல்லையாம். அவ்வளவுதான்.

அதே காலத்தில் வில்லியம் லாங்லாண்ட், பியர்ஸ் என்ற உழவனை வைத்து "பியர்ஸ் பிளௌமன்" என்ற நெடுங்கவிதை எழுதினார். ஜான் பால் எசெக்ஸ் மக்களுக்கு அனுப்பிய கடிதத்தில் பியர்ஸ் உழவன் பெயர் வருகிறது. கலகக்காரர்கள் வாயில் புகுந்த கவிதை அது. எனக்கு அவர்தான் அந்த நூற்றாண்டின் கவிஞர்.

வைகைக்கரையாள்:

தோழர், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சாசரிடம் நீங்கள் கேட்பது துண்டுப்பிரசுரம். அவர் எழுதியது வேறு.

அந்தச் சேவல் கதையையே எடுத்துக்கொள்வோம். அது யாருடைய வீட்டில் நடக்கிறது? ஓர் ஏழை விதவையின் குடிசையில். மூன்று பன்றி, மூன்று மாடு, மால் என்ற பெயருள்ள ஓர் ஆடு, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் ஒயின் குடித்ததே இல்லை, மேசையில் பாலும் கறுப்பு ரொட்டியும்தான் இருக்கும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் சேவலுக்கே வருகிறார். அவளிடம் இருக்கும் அந்தச் சேவலை நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது. தாயும் பிள்ளைகளும் நாய்களும் மாடும் கன்றும் பின்னால் ஓடுகிறார்கள். ஜாக் ஸ்ட்ராவின் பெயர் வருவது அந்த இடத்தில். கூச்சல் போடுகிறவர்கள் ஏழைகள், ஓடுகிறது திருட்டு நரி. வெறும் கேலி என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் நேராகக் கேட்கிறேன். பிளெமிஷ்காரர்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அவர்கள் பிழைக்க வந்த அயல்நாட்டு மக்கள், பலர் நெசவாளர்கள். லண்டனின் வின்ட்ரி பகுதியில் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் ஒளிந்திருந்தவர்களை இழுத்துவந்து தெருவில் தலையை வெட்டினார்கள். முப்பதுக்கு மேற்பட்ட உடல்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. சாசரின் அப்பா ஒயின் வணிகர், சாசர் வளர்ந்தது அதே வின்ட்ரியில். அவர் மனைவி பிலிப்பாவின் குடும்பம் பிளாண்டர்ஸுக்குப் பக்கத்து ஹைனோ நாட்டிலிருந்து வந்தது. இந்த எழுச்சியை அவர் பாடிக் கொண்டாடியிருக்க வேண்டும் என்றால், செத்த அந்த நெசவாளர்களைப் பாட்டில் எங்கே வைப்பது?

கான்டர்பரி கதைகளின் கட்டுமானத்தையும் பாருங்கள். முதல் கதை நைட் என்ற உயர்குடிப் போர்வீரருக்கு. அடுத்தது துறவிக்கு என்று, யாத்ரீகர்களோடு வந்து கதைகளை நடத்தும் சத்திரக்காரர் அந்தஸ்து பார்த்து வரிசை வைக்கிறார். குடித்துவிட்டு வந்த மாவாலைக்காரன் குறுக்கே விழுந்து, இப்போது நான்தான் சொல்வேன், இல்லாவிட்டால் கிளம்புகிறேன் என்கிறான். உன்னைவிடப் பெரியவர் ஒருவர் முதலில் சொல்லட்டும் என்று சத்திரக்காரர் தடுக்கிறார். அவன் கேட்கவில்லை, சொல்லி முடிக்கிறான். அதற்குப் பிறகு அந்தஸ்து வரிசை பழையபடி திரும்பவே இல்லை. 1381-க்குப் பிறகு எழுதிய ஒருவர் இதைத் தற்செயலாக எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

பழஞ்சுவடி:

இருவரும் கவிதைக்குள் நிற்கிறீர்கள். நான் ஆவணங்களைப் பார்க்கிறவன். சாசரைப் பற்றி ஏறக்குறைய 500 ஆவணக் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில்கூட அவர் கவிஞர் என்ற சொல் இல்லை. சம்பளம், தூதுப் பயணம், ஒயின் மானியம், வழக்கு, வீட்டுக் குத்தகை, இவைதான். அரசாங்கத்துக்கு அவர் ஓர் ஊழியர். அந்த மனிதரின் நிலைமை தெரியாமல் அவர் மௌனத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் சுங்கத்துக்கு அவர் கணக்குக் கண்காணிப்பாளர். கணக்கைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது நியமன நிபந்தனை. அதே 1374-ல் ஆல்ட்கேட் வீடு வாடகையில்லாமல் ஆயுள் குத்தகைக்குக் கிடைத்தது. ஜான் ஆஃப் கான்ட் வருடத்துக்கு 10 பவுண்டு கொடுத்தார். பிலிப்பாவின் அக்காதங்கை உறவான கேத்தரின் ஸ்வின்ஃபர்ட் அந்தப் பிரபுவோடு வாழ்ந்தவர், பின்னாளில் 1396-ல் அவரை மணந்தவர். ஆக, சவாய் எரிந்தபோது எரிந்தது சாசர் குடும்பத்தின் ஆதரவாளர் வீடு.

ஒரு தேதியைக் கவனியுங்கள். 1381 ஜூன் 19. கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் ஸ்மித்ஃபீல்டில் கொல்லப்பட்டது ஜூன் 15, அதற்கு நான்கு நாள் கழித்து வருவது இந்த 19. இந்தத் தேதியிட்ட பத்திரம் ஒன்று இருக்கிறது. தேம்ஸ் தெருவில் இருந்த தன் அப்பாவின் வீட்டு உரிமையை சாசர் ஒரு வணிகருக்கு விட்டுக் கொடுக்கிறார். வீடு இருந்தது வின்ட்ரி பகுதியில், வைகைக்கரையாள் சொன்ன அந்தப் படுகொலை நடந்த இடத்தை ஒட்டி. பயந்து விற்றாரா, முன்பே பேசி முடித்த விற்பனையா என்று பத்திரம் சொல்லாது. ஆனால் அந்த வாரத்தை அவர் தொலைவிலிருந்து கேள்விப்பட்டவர் அல்ல.

செசிலி சாம்பேன் விவகாரமும் இங்கே வருகிறது. 1380 மே மாதப் பத்திரம் ஒன்றில், "ராப்டுஸ்" (கடத்தல், வன்புணர்வு என்று இரண்டு பொருளும் தரும் லத்தீன் சொல்) தொடர்பான எந்த வழக்கும் சாசர் மேல் இல்லை என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு என்று நூறு வருடத்துக்கும் மேலாகப் பேசிவந்தார்கள். 2022-ல் புதிய ஆவணங்கள் வெளியாயின. தாமஸ் ஸ்டாண்டன் என்பவர் சாசர் மேலும் சாம்பேன் மேலும் சேர்த்தே வழக்குப் போட்டிருக்கிறார், தன்னிடம் வேலை பார்த்த சாம்பேனைச் சாசர் வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று. எந்தச் சட்டத்தின் கீழ்? உழவன்மகன் சொன்ன அதே கூலிச் சட்டத்தின் கீழ். பழைய கேள்விகள் எல்லாம் இதோடு தீர்ந்துவிட்டதாக எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் உழவர்களை நெரித்த சட்டம் சாசர் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறது.

உழவன்மகன்:

பழஞ்சுவடி ஐயா, அருமையான தகவல்கள். ஆனால் இவை என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கின்றன. இன்னும் ஒன்றையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். 1385-ல் அவர் கென்டில் அமைதிகாப்பு நீதிபதிகளில் ஒருவராகிறார். கிளர்ச்சி எழுந்த அதே கென்ட். கூலிச் சட்டத்தை அமல்படுத்துவதும் அந்த நீதிபதிகளின் வேலைதான். இந்த மனிதர் மேலே இருந்து பார்த்தவர். அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்த உயரத்திலிருந்து எது தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி.

லாங்லாண்டுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பியர்ஸ் பிளௌமனின் கடைசி வடிவத்தில், சி வடிவம் என்பார்களே, அதில் ஒரு பகுதி இருக்கிறது. நம்மில் மிகவும் இல்லாதவர்கள் நம் பக்கத்து வீட்டார்தான் என்கிறார். குழந்தைகளும் நில வாடகையும் சேர்ந்து அழுத்தும் குடிசைப் பெண்கள். நூல் நூற்று மிச்சம் பிடித்தது வாடகைக்குப் போகும், மீதி பாலுக்கும் கஞ்சி மாவுக்கும். மாரிக்காலத்தில் பாதி ராத்திரியில் எழுந்து தொட்டில் ஆட்டுவார்கள். கம்பளியைச் சீவுவார்கள், கிழிசல் தைப்பார்கள், துவைப்பார்கள். பசித்தாலும் வெளியே காட்டிக்கொள்ள வெட்கப்படுவார்கள், பிச்சை கேட்க மாட்டார்கள். இந்தப் பெண்களின் துயரத்தைப் பாட்டில் வைப்பதே கடினம் என்று அவரே சொல்கிறார்.

படித்தபோது என் கை நடுங்கியது. சாசர் பன்னிரண்டு வருடம் கம்பளிச் சுங்கத்துக்குக் கணக்கு எழுதினார். அந்தக் கம்பளியை இருட்டில் சீவியவளை எழுதியவர் லாங்லாண்ட். உங்கள் சேவல் கதை விதவை அழகாகத்தான் இருக்கிறாள் அம்மா. அளவாகச் சாப்பிட்டு நோயில்லாமல் திருப்தியாக இருக்கிறாள். அவளுக்கு வாடகை கொடுக்கிற கவலை இருக்கிறதா என்று ஒரு வரி உண்டா?

பிளெமிஷ்காரர்களைப் பற்றி: அது கொலை. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எனக்குச் சாசர் மேல் உள்ள வருத்தமே அங்கேதான் அதிகமாகிறது. தன் தெருவில் வெட்டப்பட்டவர்களைக்கூட அவர் ஒரு சிரிப்புக் கதையின் உவமையாக்கிவிட்டார். எழுந்தவர்களுக்கும் அங்கே நியாயம் இல்லை, செத்தவர்களுக்கும் இல்லை.

இளவேனில்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இருவரையும் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பெரிய கவிஞர்களில் யாருமே 1381-ஐப் பற்றி விரிவாக எழுதவில்லையா? எழுதியிருந்தால் அதோடு வைத்துப் பார்த்தால் தெளிவாக இருக்குமே.

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி. ஒருவர் எழுதினார். ஜான் கௌவர், சாசரின் நண்பர். 1378-ல் சாசர் இத்தாலிக்குப் போனபோது தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள அதிகாரம் கொடுத்த இருவரில் ஒருவர். ட்ராய் போரின் பின்னணியில் தான் எழுதிய "ட்ராய்லஸ் அண்ட் கிரிசைட்" நூலைச் சாசர் திருத்தச் சொல்லி ஒப்படைப்பதும் இவரிடமும் தத்துவ அறிஞர் ஸ்ட்ரோடிடமும்தான்.

கௌவர் லத்தீனில் எழுதிய "வாக்ஸ் கிளாமான்டிஸ்" நூலின் முதல் பகுதி முழுக்க 1381. கிளர்ச்சியாளர்கள் கனவில் மிருகங்களாக மாறுகிறார்கள். சுமை சுமக்க மறுக்கும் கழுதைகள், ஏர் பூட்ட மறுக்கும் மாடுகள், பன்றிகள், வெறிநாய்கள். நகரம் நடுங்குகிறது, கதைசொல்லி காட்டுக்குள் ஓடி ஒளிகிறார். விரிவாக எழுதிய பெரிய கவிஞர் எழுதியது இதுதான். சாசரும் இதே வட்டத்தில், இதே ஆட்களுக்கு நடுவில் வாழ்ந்தவர். கௌவரைப் போல எழுதியிருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும். எழுதவில்லை.

வைகைக்கரையாள்:

பழஞ்சுவடி சொன்னதன் பக்கத்தில் நைட்டின் கதையை வைத்துப் பாருங்கள். அதில் சனி தெய்வம் தன் வல்லமைகளைப் பட்டியலிடுகிறது. மூழ்கிச் சாவது, சிறை, விஷம், அவற்றோடு ஒன்றாகக் "குடியானவர் கலகம்". ட்ராய்லஸில் கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ட்ராய் மக்கள் கூச்சல் போடும் இடத்தில், வைக்கோல் பற்றி எரிவதுபோல என்று ஓர் உவமை. ஸ்ட்ரா என்றால் வைக்கோல், ஜாக் ஸ்ட்ராவின் நிழல் அங்கே விழுகிறது என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு. ஆக, மறந்துபோன மனிதர் இல்லை அவர். அந்தச் சத்தம் அவர் காதில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆனால் எந்த உழவனையும் மிருகமாக்கவில்லை.

லாங்லாண்டுக்கு வருகிறேன். அந்தக் குடிசைப் பகுதி மகத்தானது, அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அதே நூலில் பியர்ஸ் தன் வயலில் வேலை செய்யாதவர்களை அடக்க முடியாமல் பசியைக் கூப்பிடுகிறான். பசி வந்து அவர்களை அடித்து வேலைக்கு அனுப்புகிறது. விளைச்சல் வந்ததும், நேற்றைய காய்கறி வேண்டாம், சுடச்சுட இறைச்சியும் மீனும் வேண்டும், கூலி அதிகம் வேண்டும் என்று கேட்டு, ராஜாவையும் கூலிச் சட்டம் போட்டவர்களையும் திட்டும் கூலியாட்களைக் கவிஞர் கண்டிக்கிறார். நீங்கள் முதல் பதிவில் கொதித்தீர்களே, அதே 1351 சட்டம்தான். லாங்லாண்ட் கலகக்காரர் இல்லை. ஜான் பால் பியர்ஸை எடுத்துக்கொண்டபோது லாங்லாண்டிடம் கேட்டு எடுக்கவில்லை. பியர்ஸ் பாவமன்னிப்புச் சீட்டைக் கிழித்தெறியும் புகழ்பெற்ற காட்சி முந்தைய வடிவங்களில் இருக்கிறது, சி வடிவத்தில் இல்லை. கிளர்ச்சிக்குப் பிறகு அவர் பின்வாங்கினார் என்று பலர் அதை வாசிக்கிறார்கள்.

வாய் திறந்தவர்களுக்கு அந்தப் பத்து வருடத்தில் என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். 1388-ல் நாடாளுமன்றம் ராஜாவின் ஆட்களை வேட்டையாடியது. சாசர் யாருடைய சுங்கக் கணக்கைச் சரிபார்த்தாரோ அந்த நிக்கலஸ் பிரெம்பரைத் தூக்கில் போட்டார்கள். சாசரைத் தன் நூலில் புகழ்ந்து எழுதிய தாமஸ் அஸ்கின் தலையை வெட்டினார்கள். சாசர் 1386-லேயே ஆல்ட்கேட் வீட்டையும் சுங்க வேலையையும் விட்டிருந்தார். உயிரோடு இருந்ததால்தான் நமக்குக் கான்டர்பரி கதைகள் கிடைத்தன. அதற்குள் அவர் வைத்துவிட்டுப் போனது குறைவா? பாத் நகரத்து மனைவி சொல்லும் கதையில் ஒரு கிழவி தன் உயர்குடிக் கணவனிடம், உயர்குடிப் பிறப்பால் யாரும் உயர்ந்தவராவதில்லை, செய்கையால்தான் என்று நீளமாக எடுத்துரைக்கிறாள். ஊர்ப் பாதிரி கடைசியில், குடியானவன் எந்த விதையிலிருந்து வந்தானோ அதே விதையிலிருந்துதான் பிரபுவும் வந்தான் என்று சொல்லி, கீழே உள்ளவர்களைக் கசக்காதே என்று பிரபுக்களை எச்சரிக்கிறார். ஜான் பாலின் ஆதாம் ஏவாள் கேள்விக்கு மிகப் பக்கத்தில் வருகிற வாக்கியம் இது.

உழவன்மகன்:

பாதிரியின் பேச்சு லத்தீன் ஆன்மிக நூல்களைத் தழுவியது. மேல் கீழ் என்ற அடுக்கைக் கடவுள்தான் வைத்தார் என்றும் அதே பேச்சில் வருகிறது. ஜான் பால் அந்த அடுக்கே வேண்டாம் என்றார். பக்கத்தில் வருகிறது என்று நீங்கள் சொல்லும் இடத்தில் பெரிய பள்ளம் இருக்கிறது.

லாங்லாண்ட் கூலியாட்களைக் கண்டித்தார், உண்மை. நான் அதை மறைக்க நினைக்கவில்லை. ஆனால் அவர் அந்தக் கேள்விக்குள் இறங்கி, தன் கவிதையைத் திரும்பத் திரும்ப எழுதினார். சி வடிவத்தில் பகுத்தறிவும் மனச்சாட்சியும் கவிஞரையே நிறுத்தி, உனக்கு அறுக்கத் தெரியுமா, கட்டத் தெரியுமா, நீ எந்த வேலை செய்து சாப்பிடுகிறாய் என்று விசாரிக்கின்றன. கூலிச் சட்டத்தின் கேள்வியைத் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறார். குடிசைப் பெண்கள் வருவதும் நீங்கள் பின்வாங்கல் என்று சொல்லும் அதே வடிவத்தில்தான். இதைப் பின்வாங்கல் என்று என்னால் சொல்ல முடியாது.

சாசரின் உழவனைப் பாருங்கள். பாதிரியின் உடன்பிறந்தவன். எரு வண்டி இழுத்தவன், ஏழைக்குக் கூலி வாங்காமல் கதிரடித்துக் கொடுப்பவன், தேவாலய வரியைப் பாக்கியில்லாமல் கட்டுபவன். 1381-ல் பிரபுக்கள் ஆசைப்பட்ட உழவன் இவன்தான், கூலியே கேட்காதவன். அதைவிட எனக்கு வலிப்பது, இவனுக்குக் கதையே இல்லை. மாவாலைக்காரன் பேசுகிறான், சமையல்காரன் பேசுகிறான், வழியில் வந்து சேர்ந்த ரசவாதியின் வேலைக்காரன்கூடப் பேசுகிறான். உழவன் வாயைத் திறப்பதில்லை.

வைகைக்கரையாள்:

கதை இல்லாதவன் அவன் ஒருவன் மட்டும் இல்லையே. நைட்டின் பணியாளுக்கு இல்லை, நெசவாளருக்கும் தச்சருக்கும் சாயக்காரருக்கும் இல்லை. சமையல்காரன் கதையே பாதியில் நிற்கிறது. 1400-ல் சாசர் இறந்தபோது நூல் முடியவில்லை. போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என்று ஆளுக்கு நான்கு கதை என்பது சத்திரக்காரரின் திட்டம், கையில் இருப்பது 24. முடியாத நூலில் இல்லாததை ஆசிரியரின் முடிவு என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

ஆனால் அந்த இடைவெளி பழைய வாசகர்களையும் உறுத்தியிருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில் தாமஸ் ஹாக்லீவ் எழுதிய மரியன்னைக் கதை ஒன்றை உழவன் கதையாகச் சேர்த்துவிட்டார்கள். 1542-ல் அச்சான பதிப்பில் வேறொரு "உழவன் கதை" வருகிறது, திருச்சபையின் செல்வத்தைக் கடுமையாகத் தாக்குவது. அதையும் சாசருடையது என்று நம்பிப் படித்தார்கள். ஜான் ஃபாக்ஸ் போன்ற புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் சாசரைத் தங்கள் ஆளாகவே கொண்டாடினார்கள். மற்றவர்கள் வந்து உட்கார்ந்து பேச இடம் இருக்கிற நூல் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை, தெரிகிறது.

ஒரு வேண்டுகோள். அந்தக் குடிசைப் பெண்கள் பகுதியை மூலத்திலிருந்து தமிழில் முழுசாகப் போடுங்கள். விதவையின் குடிசை வரிகளை நான் போடுகிறேன். இளவேனில் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

உழவன்மகன்:

சரி, போடுகிறேன். மூலத்தில் ஒவ்வொரு வரியிலும் மோனை இடிக்கிறது, அதைத் தமிழில் விடாமல் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தருகிறேன். உழவன் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

இளவேனில்:

இரண்டும் வந்ததும் படிக்கிறேன். அதற்குள் கௌவரின் அந்த முதல் பகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடப் போகிறேன். மூன்று பேரையும் சேர்த்து வைத்தால்தான் எனக்கு விளங்கும்போல் இருக்கிறது.